கறுப்புத் திரையில் பைதான்: முதன்முறை தட்டுகிறவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு புத்தகக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தாதாரர் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது. சுமார் 1,400 பெயர்கள், எல்லாம் தமிழில், பாதிப் பேர் இரண்டு தடவை பதிவாகியிருந்தார்கள். நண்பர் ஒருவர் பைதான் என்ற கணினி மொழியில் இருபது வரியில் ஒரு நிரல் எழுதி அனுப்பி, "கமாண்ட் பிராம்ப்ட்ல ஓட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வேலைக்கு எனக்கு நான்கு மாலைகள் போயின. நிரலில் ஒரு பிழையும் இல்லை. அதை எங்கே நின்று, எப்படித் தட்டவேண்டும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே ஒரு பயிற்சி மையத்தில் 6,500 ரூபாய் கட்டி பைதான் படித்திருந்தேன். அங்கே எல்லாம் ஒரு எடிட்டருக்குள், பச்சை முக்கோணப் பொத்தானை அழுத்தித்தான். கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையை ஒரு நாள்கூடத் திறந்து காட்டவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதக் கற்றுத் தருவது இதன் வேலை இல்லை. எழுதிய நிரலை, அல்லது வேறு யாரோ எழுதித் தந்த நிரலை, கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்ட வைப்பதுதான். பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சொல்கிறேன், அங்கேதான் சிக்கல் அதிகம். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் ஒரு பகுதி இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். புதியவர்களுக்கு வரும் எரர்களில் பெரும்பகுதி, தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தட்டுவதால் வருகிறது. எந்த வாசலில் நிற்கிறேன், எந்த ஃபோல்டரில் நிற்கிறேன், எந்தப் பைதானோடு பேசுகிறேன்: என்டரைத் தட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். "பைதான்" என்றால் அந்த முழுச் சொல். "சிடி", "பிஒய்" போன்றவை எழுத்து எழுத்தாகச் சொல்பவை. அப்படியே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுங்கள். புள்ளி, கோடு, இடைவெளி, மேற்கோள் எதையும் மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன்: என்ன வேண்டும், என்ன செலவு

செலவு ஒன்றும் இல்லை. பைதான் முழுக்க இலவசம். பதிவு செய்யவேண்டாம், ஈமெயில் கொடுக்கவேண்டாம், கார்டு எண் கேட்கமாட்டார்கள். எந்தப் பக்கமாவது பணமோ ஃபோன் எண்ணோ கேட்டால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பைதான்.ஆர்க் என்ற தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

டவுன்லோட் ஏறத்தாழ 30 எம்பி. இன்ஸ்டால் ஆக ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் நிரல் ஓடும் வரை சேர்த்து ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தொடங்காதீர்கள்.

உங்கள் கணினி விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருக்கட்டும். விண்டோஸ் 7 என்றால் பைதான் 3.8 வரைதான் ஓடும். அந்தப் பதிப்புக்கு 2024 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது. அலுவலகக் கணினி என்றால் சிஸ்டம்ஸ் ஆளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில இடங்களில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவே விடமாட்டார்கள், அரை நாள் வீணாகும்.

எந்தப் பதிப்பு? ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. புத்தம் புதிதாக வந்ததை உடனே எடுக்காமல், அதற்கு முந்தைய பதிப்பை எடுப்பது என் பழக்கம். மற்றவர்கள் எழுதிய துணைத் தொகுப்புகள் புதிய பதிப்புக்கு ஏற்ப மாறக் கொஞ்ச நாள் பிடிக்கும். யாராவது 2.7 என்று சொன்னால் கேட்காதீர்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தத் தலைமுறையே முடிந்துவிட்டது.

2. இன்ஸ்டால்: ஒரு டிக்கில் எல்லாம் இருக்கிறது

பதிவிறக்கப் பக்கத்தில் இப்போது "இன்ஸ்டால் மேனேஜர்" என்று ஒன்றும், தனி இன்ஸ்டாலர் என்று ஒன்றும் இருக்கும். இங்கே நான் சொல்வது தனி இன்ஸ்டாலருக்கு. 64-பிட் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

அதைத் திறந்ததும் வரும் முதல் திரையில், நடுவில் பெரிதாக "இன்ஸ்டால் நவ்" இருக்கும். கை தானாக அங்கே போகும். போகவிடாதீர்கள். திரையின் அடிப்பகுதியைப் பாருங்கள், இரண்டு சிறிய பெட்டிகள் இருக்கும்.

ஒன்று "ஆட் பைதான்.ஈஎக்ஸ்ஈ டு பாத்". இது டிக் இல்லாமல்தான் வரும். டிக் செய்யுங்கள். பாத் என்பது, நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேடவேண்டும் என்ற பட்டியல். அதில் பைதானின் இருப்பிடம் இல்லாவிட்டால், பைதான் கணினியில் இருந்தும் இல்லாத மாதிரிதான். என் நான்கு மாலைகளில் முதல் மாலை இந்த ஒரு டிக்குக்காகப் போனது.

இன்னொன்று, "பிஒய்" என்ற துணை நிரலை நிர்வாகி அனுமதியோடு இன்ஸ்டால் செய்யவா என்று கேட்பது. இது டிக் ஆகியே வரும். அந்தக் கடவுச்சொல் உங்களிடம் இல்லையென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் கணக்குக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகும், அது தாராளமாகப் போதும்.

இப்போது "இன்ஸ்டால் நவ்".

டிக் செய்ய மறந்து ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? அழித்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டியதில்லை. அதே இன்ஸ்டாலரை மறுபடி திறந்து "மாடிஃபை" கொடுங்கள், அடுத்த திரையில் "நெக்ஸ்ட்", அதற்கடுத்த திரையில் "ஆட் பைதான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். முடிந்ததும், ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கறுப்புத் திரைகளை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும். பழைய திரைக்குப் புதிய பாத் தெரியாது. இதைச் செய்யாமல் "மாற்றியும் வரவில்லையே" என்று தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. இருக்கிறதா என்று பார்ப்பது

விண்டோஸ் பொத்தானை அழுத்தி "சிஎம்டி" என்று தட்டி என்டர். கறுப்புத் திரை வரும். அதில்:

பைதான் --வெர்ஷன்

முன்னால் இரண்டு சிறு கோடுகள், நடுவில் இடைவெளி இல்லை. பதிலாகப் பைதான் 3.13 என்பது போல ஓர் எண் வந்தால் சரி.

எண் வராமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டாலோ, "பைதான் வாஸ் நாட் ஃபவுண்ட்" என்று ஸ்டோரைக் காட்டும் செய்தி வந்தாலோ, உங்கள் கட்டளையை விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு போலி வாசல் பிடித்துக்கொண்டது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், அதில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸஸ். அந்தப் பட்டியலில் பைதான் பெயரில் இருக்கும் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் பைதான் என்று தட்டாமல் "பிஒய்" என்று இரண்டே எழுத்தைத் தட்டிப் பாருங்கள். இன்ஸ்டாலரோடு வரும் ஒரு சிறிய துணைவன் அது. பாத்தில் பைதான் இல்லாவிட்டாலும் அவனுக்கு இருப்பிடம் தெரியும். இரண்டு மூன்று பதிப்புகள் வைத்திருப்பவர்கள் "பிஒய் -0" என்று தட்டினால் எல்லாப் பதிப்புகளும் வரிசையாக வரும். "பிஒய் -3.12" என்றால் அந்தப் பதிப்பு மட்டும் திறக்கும்.

எந்தப் பைதானோடு பேசுகிறோம் என்று சந்தேகம் வந்தால்:

வேர் பைதான்

ஒன்றுக்கு மேல் இடங்களைக் காட்டினால், மேலே முதலில் இருப்பதுதான் ஓடும். (விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் "வேர்" என்பதற்கு வேறு பொருள் உண்டு, அங்கே "வேர்.ஈஎக்ஸ்ஈ பைதான்" என்று தட்டவேண்டும். பழகும் வரை கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே இருங்கள்.)

4. இரண்டு வாசல்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கறுப்புத் திரையைத் திறந்ததும் வரியின் தொடக்கத்தில் சி:\யூசர்ஸ்\ என்று தொடங்கி உங்கள் பெயரும் கடைசியில் ஒற்றை > குறியும் இருக்கும். இது விண்டோஸின் வாசல். இங்கே நீங்கள் தட்டுவதை விண்டோஸ் கேட்கிறது.

இப்போது வெறும் "பைதான்" என்று தட்டி என்டர் கொடுங்கள். பதிப்பு எண்ணோடு இரண்டு மூன்று வரி வந்து, வரியின் தொடக்கம் >>> என்று மாறும். மூன்று குறிகள். இது பைதானின் வாசல். நீங்கள் தட்டுவதை இனி விண்டோஸ் கேட்காது, பைதான் இன்டர்பிரிட்டர் கேட்கும். ஒவ்வொரு வரியையும் வாங்கி அப்போதே செய்து காட்டும்.

1850 * 12 என்று தட்டுங்கள். 22200 என்று வரும். பிரிண்ட்("வணக்கம்") என்று தட்டினால் வணக்கம் சொல்லும். லென்("தமிழ்") என்று நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது (லென் என்பது எல்இஎன்). நாம் மூன்று எழுத்து என்று எண்ணுவோம்; பைதானுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. பெயர்களின் நீளத்தை வைத்து எதையாவது வெட்டும் நிரல் எழுதினால் இது நினைவிருக்கட்டும், இல்லையென்றால் புள்ளி கழன்று விழும்.

புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி இங்கேதான். >>> வாசலில் நின்றுகொண்டு "பைதான் ஹலோ.பிஒய்" என்று தட்டுவது. உடனே "சின்டாக்ஸ் எரர்" என்று வரும். நிரலைத் திறந்து பிழை தேடத் தொடங்கிவிடுவோம். நிரலை அது தொடவே இல்லை! பைதானுக்குள் நின்றுகொண்டு பைதானைக் கூப்பிட்டால் அதற்குப் புரியாது. ஃபைலை ஓட்டுகிற கட்டளை விண்டோஸின் வாசலுக்கு உரியது. இதே தவறு மறுபக்கமும் நடக்கும்: ஒற்றை > வாசலில் நின்று பிரிண்ட்("வணக்கம்") என்று தட்டினால் விண்டோஸ் விழிக்கும்.

>>> வாசலிலிருந்து வெளியே வர: எக்ஸிட்() என்று தட்டுங்கள், கடைசியில் வெற்று அடைப்புக்குறியோடு. அல்லது கன்ட்ரோலோடு இசட் அழுத்தி என்டர். 3.13-இலிருந்து அடைப்புக்குறி இல்லாமலும் வெளியே வரலாம்; பழைய பதிப்புகளில் அப்படித் தட்டினால் எப்படி வெளியேறுவது என்று ஒரு வரி சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும்.

மூன்றாவதாக ஒரு குறியும் வரலாம்: மூன்று புள்ளிகள். அடைப்புக்குறியையோ மேற்கோளையோ மூடவில்லை, அல்லது ஒரு தொகுதி (உள்ளே தள்ளி எழுதும் வரிகளின் கூட்டம்) இன்னும் முடியவில்லை என்று பைதான் காத்திருக்கிறது. தொகுதி என்றால் வெற்று வரியில் என்டர் தட்டினால் முடிந்துவிடும். எங்கே விட்டோம் என்றே தெரியவில்லையென்றால் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்துங்கள். >>> திரும்பி வரும், ஒன்றும் கெட்டுப்போகாது.

5. ஃபைலை எழுதி ஓட்டுவது

இன்டர்பிரிட்டருக்குள் தட்டியது மூடியதும் போய்விடும். திரும்பத் திரும்ப வேண்டியதை ஃபைலாக வைக்கவேண்டும்.

விண்டோஸ் வாசலில் "எம்கேடிஐஆர் பழகு" என்று தட்டினால் நீங்கள் நிற்கும் இடத்திலேயே பழகு என்ற ஃபோல்டர் உருவாகும். "சிடி பழகு" என்று தட்டினால் அதற்குள் போய்விடுவீர்கள். வரியின் தொடக்கம் மாறியிருப்பதைப் பாருங்கள், இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று அதுவே சொல்லும். "டிஐஆர்" என்றால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். "சிடி .." என்றால் ஒரு படி வெளியே.

டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. பல கணினிகளில் கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கும். "சிடி டெஸ்க்டாப்" என்று போனால் வேறு வெறும் ஃபோல்டருக்குள் போய் நிற்பீர்கள். டி டிரைவில் வைத்திருந்தால் வெறும் சிடி அங்கே கூட்டிப்போகாது, "சிடி /டி" என்று சேர்த்துத் தட்டவேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இவையெல்லாம் தலைவலியாக இருந்தால் ஒரு குறுக்குவழி: ஃபோல்டரை வழக்கம்போல எக்ஸ்ப்ளோரரில் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் கிளிக் செய்து, இருப்பதை அழித்துவிட்டு "சிஎம்டி" என்று தட்டி என்டர். கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். நான் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

நோட்பேடைத் திறந்து இந்த ஐந்து வரியை எழுதுங்கள்:

இம்போர்ட் சிஸ்
அசல் = ஃப்ளோட்(சிஸ்.ஆர்க்வி[1])
வட்டி = ஃப்ளோட்(சிஸ்.ஆர்க்வி[2])
மாதம் = ஃப்ளோட்(சிஸ்.ஆர்க்வி[3])
பிரிண்ட்(அசல் * வட்டி / 100 * மாதம்)

இதில் இம்போர்ட், சிஸ், ஃப்ளோட், ஆர்க்வி, பிரிண்ட் ஆகியவை பைதானின் சொற்கள், ஆங்கிலத்தில் தட்டவேண்டும் (சிஸ் என்பது எஸ்ஒய்எஸ், ஆர்க்வி என்பது ஏஆர்ஜிவி). அசல், வட்டி, மாதம் மூன்றும் நாம் வைக்கும் பெயர்கள். அவற்றைத் தமிழிலேயே தட்டலாம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இது தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

சேவ் செய்யும்போது "சேவ் ஆஸ் டைப்" என்ற இடத்தில் "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றிவிட்டு, ஆங்கில எழுத்தில் "வட்டி.பிஒய்" என்று பெயர் கொடுங்கள். மாற்றாவிட்டால் நோட்பேட் தன் பங்குக்கு ஒரு .டிஎக்ஸ்டி-யைப் பின்னால் ஒட்டிவிடும். எக்ஸ்ப்ளோரர் அந்த வாலை மறைத்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். கறுப்புத் திரையில் ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". "டிஐஆர்" தட்டிப் பாருங்கள், முழுப் பெயரும் தெரிந்துவிடும். விண்டோஸ் 11-இல் எக்ஸ்ப்ளோரரின் வியூ, ஷோ என்று போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவைத்தால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

இன்னொரு எச்சரிக்கை. பைதானோடு வரும் தொகுப்புகளின் பெயரை உங்கள் ஃபைலுக்கு வைக்காதீர்கள். ரேண்டம்.பிஒய், சிஎஸ்வி.பிஒய் என்று வைத்தால், பைதான் தன்னுடையதை எடுப்பதற்குப் பதில் உங்களுடையதை எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத எரரைக் காட்டும்.

இப்போது ஓட்டுங்கள். ஐம்பதாயிரம் அசல், இரண்டு வட்டி, பன்னிரண்டு மாதம்:

பைதான் வட்டி.பிஒய் 50000 2 12

12000.0 என்று வரும். ஃபைல் பெயருக்குப் பின்னால் இடைவெளி விட்டுக் கொடுக்கும் ஒவ்வொன்றும் ஆர்க்வி என்ற பட்டியலுக்குள் போகிறது. பூஜ்ஜியமாவது இடத்தில் ஃபைலின் பெயரே இருக்கும், நாம் கொடுப்பது 1-இலிருந்து தொடங்கும்.

இங்கே மூன்று விஷயம். ஒன்று, நீங்கள் கொடுப்பது எண்ணாகவே இருந்தாலும் பைதானுக்கு எழுத்தாகத்தான் போய்ச் சேரும். ஃப்ளோட் போட்டு எண்ணாக்காமல் அந்த 50000-ஐ நிரலுக்குள் எழுதிய 2-ஆல் பெருக்கினால் 5000050000 என்று இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதி நீட்டும். இரண்டு, 50,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் "வேல்யூ எரர்". மூன்று, ஓர் எண்ணைக் கொடுக்க மறந்தால் "இண்டெக்ஸ் எரர்: லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்". இந்த எரரைப் பார்த்ததும் நிரலைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் கட்டளை வரியை எண்ணிப் பாருங்கள்.

ஃபைலை இரட்டை கிளிக் செய்து ஓட்டலாமே என்று தோன்றும். திரை மின்னல்போல வந்து மறைந்துவிடும், விடையோ எரரோ எதுவும் கண்ணில் படாது.

6. எரரைப் படிப்பது

"ட்ரேஸ்பேக்" என்று தொடங்கிப் பத்து வரி கொட்டும். மேலிருந்து படித்தால் பயம்தான் வரும். கடைசி வரியைப் படியுங்கள், என்ன நடந்தது என்று அதில் இருக்கும். அதற்கு மேல் "லைன்" என்ற சொல்லோடு ஓர் எண் இருக்கும், எந்த வரியில் நின்றது என்று அது சொல்லும். முதல் மாதத்துக்கு இந்த இரண்டும் போதும்.

வாட்ஸாப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டினால் வரும் எரர் தனி வகை. அங்கே நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகவும், இரண்டு சிறு கோடுகள் ஒரு நீளக் கோடாகவும் மாறியிருக்கும். "இன்வேலிட் கேரக்டர்" என்று வந்தால் மேற்கோள்களை அழித்துவிட்டு உங்கள் கையால் தட்டுங்கள். நிரலை யாரிடமாவது கேட்டு வாங்கினால் ஃபைலாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

ஓடுகிற நிரலை நிறுத்தக் கன்ட்ரோல் சி. நிரல் ஓடாமல் உறைந்து நிற்கிறதா? பழைய வகைத் திரையில் தவறி ஒரு கிளிக் விழுந்தாலே நிரல் அப்படியே நின்றுவிடும், தலைப்புப் பட்டையில் "செலக்ட்" என்று தெரியும். எஸ்கேப் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். முதல்முறை இது தெரியாமல் முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

7. தமிழ் ஃபைல்கள்: புள்ளியில் நிற்கும் நிரல்

இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் எனக்கு வேண்டிய விதத்தில் காணவில்லை. என் நான்காவது மாலை இதற்கே போனது.

சந்தாதாரர் பட்டியலைத் திறந்ததுமே நிரல் நின்றது. கடைசி வரியில் "யூனிகோட்டிகோட் எரர்", அப்புறம் "சார்மேப்", அப்புறம் 0எக்ஸ்8டி என்ற ஓர் எண். காரணம் இதுதான். எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. பைதான் 3.14 வரையுள்ள பதிப்புகள், விண்டோஸில் ஒரு ஃபைலைத் திறக்கும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதில்லை. விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலைக் கொண்டு படிக்கின்றன. அந்தப் பட்டியலில் சில இடங்கள் காலி. நம் மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட் சரியாக அப்படி ஒரு காலி இடத்தில் போய் விழுகிறது. உகரக் குறிக்கும் அதே கதி. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டா? முதல் புள்ளியிலேயே நின்றுவிடும்.

தீர்வு எளிது. நிரலில் ஃபைலைத் திறக்கும் ஓப்பன் என்ற கட்டளை வரும் இடத்திலெல்லாம், அதன் அடைப்புக்குறிக்குள் என்கோடிங்="யூடிஎஃப்-8" என்று சேர்க்கவேண்டும். நிரல் உங்களுடையதல்ல, அதில் கை வைக்க விருப்பமில்லை என்றால் கட்டளை வரியிலேயே சொல்லிவிடலாம்:

பைதான் -எக்ஸ் யூடிஎஃப்8 பட்டியல்.பிஒய்

இந்த எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. யூடிஎஃப்8 என்பதில் நடுவே கோடு கிடையாது.

விடையை ஃபைலில் சேமிக்க > குறி போட்டு ஒரு ஃபைல் பெயரைக் கொடுப்பது வழக்கம். திரையில் தமிழ் ஒழுங்காக வந்த அதே நிரல், > போட்டதும் "என்கோட் எரர்" என்று நிற்கும். அதே காரணம், அதே மருந்து. ஆனால் இதைக் கமாண்ட் பிராம்ப்ட்டில் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் > குறி எழுத்துகளைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதும், தமிழ் கந்தலாகிவிடும். ஒற்றை > குறி ஏற்கெனவே அந்தப் பெயரில் இருக்கும் ஃபைலைக் கேட்காமலே அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் என்பதையும் மறக்காதீர்கள். பின்னால் சேர்க்க >> போடவேண்டும். மூலப் பட்டியலின் பெயரை அங்கே தட்டிவிட்டால் பட்டியல் போயே போச்சு. வேலை தொடங்குமுன் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

எக்ஸெல்லில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமித்த ஃபைலில் முதல் தலைப்பு மட்டும் பொருந்தாமல் அடம்பிடித்தால், தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. "யூடிஎஃப்-8-சிக்" (சிக் என்பது எஸ்ஐஜி) என்ற என்கோடிங்கைக் கொடுத்தால் அது விலகிவிடும்.

கறுப்புத் திரையில் தமிழ் கொம்பும் காலும் பிரிந்து உடைந்து தெரிந்தால் கலங்கவேண்டாம். அது திரையின் குறை. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், அங்கே சரியாக இருந்தால் எல்லாம் சரி.

8. துணைத் தொகுப்புகளும் தனி அறையும்

எக்ஸெல் ஃபைலைப் படிக்க ஓப்பன்பைஎக்ஸ்எல் (ஓபிஇஎன்பிஒய்எக்ஸ்எல்) போன்ற தொகுப்பு தேவைப்படும். அதை இறக்கித் தரும் கருவிதான் பிப். பலர் "பிப் இன்ஸ்டால்" என்று நேரடியாகத் தட்டச் சொல்வார்கள். இரண்டு பைதான் இருக்கும் கணினியில் அது வேறொரு பைதானுக்குப் போய்ச் சேரலாம். நிரலை ஓட்டினால் "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்". இப்படித் தட்டுங்கள்:

பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்ஸ்எல்

நீங்கள் எந்தப் பைதானில் நிரலை ஓட்டுகிறீர்களோ அதற்கே போய்ச் சேரும். பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். புகழ்பெற்ற தொகுப்புகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, கெட்ட எண்ணத்தோடு பதிவேற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை, அதாவது அந்த வேலையின் தொகுப்புகள் மட்டும் தங்கும் ஒரு ஃபோல்டர், வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதை உருவாக்குவது வென்வ் (விஇஎன்வி). வேலை ஃபோல்டரில் நின்று "பைதான் -எம் வென்வ் .வென்வ்" என்று தட்டுங்கள். அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு வாசலைத் திருப்பித் தரும். பிறகு ".வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்". வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் அறையின் பெயர் வந்தால் உள்ளே நிற்கிறீர்கள். இனி இன்ஸ்டால் செய்வதெல்லாம் அந்த அறைக்குள்தான். வெளியே வர "டிஆக்டிவேட்". கறுப்புத் திரையை மூடித் திறந்தால் மறுபடி ஆக்டிவேட் செய்யவேண்டும், "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுவே. பவர்ஷெல்லில் இதே கட்டளை, ஸ்கிரிப்டுகள் தடைசெய்யப்பட்டுள்ளன என்று சிவப்பில் மறுக்கலாம். பாதுகாப்பு அமைப்பை மாற்றுவதற்குப் பதில் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு வந்துவிடுங்கள்.

9. லினக்ஸும் மேக்கும்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் பைதான் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பெயர் "பைதான்3". வெறும் பைதான் என்று தட்டினால் கிடைக்காது. கணினியின் சொந்த வேலைகளுக்கும் அது தேவை என்பதால் அதை அழிக்க முயலாதீர்கள். உபுண்டு 23.04-இலிருந்து, நேரடியாகப் பிப் இன்ஸ்டால் செய்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று மறுத்துவிடும். தனி அறை வைத்துத்தான் ஆகவேண்டும். அதற்கும் "பைதான்3-வென்வ்" என்ற தொகுப்பை, உபுண்டுவின் இன்ஸ்டால் கருவியான ஏபிடி மூலம் முதலில் போடவேண்டியிருக்கும். ஆக்டிவேட் செய்வது "சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்".

மேக்கில், மேக்ஓஎஸ் 12.3 பதிப்பிலிருந்து பழைய பைதான் 2 கிடையாது. டெர்மினலில் முதல்முறை பைதான்3 என்று தட்டினால் கமாண்ட் லைன் டெவலப்பர் கருவிகளை இறக்கவா என்று கேட்கும். அது பெரிய டவுன்லோட், மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். இரண்டிலும் >>> வாசலிலிருந்து வெளியேறக் கன்ட்ரோல் டி. தமிழ் ஃபைல் தொல்லை இரண்டிலும் பெரும்பாலும் இல்லை.

10. உதவி கேட்கும்போது

எங்காவது மாட்டிக்கொண்டு தெரிந்தவரிடம் கேட்டால், "ஓடமாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்புவதும் வேண்டாம், பாதி வெட்டுப்பட்டிருக்கும். மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்தினால் பழைய வகைத் திரையில் எழுத்தாகவே காப்பி ஆகும். புதிய டெர்மினலில் கன்ட்ரோல் சி. வரியின் தொடக்கத்தில் இருக்கும் > அல்லது >>> குறியிலிருந்து, நீங்கள் தட்டிய கட்டளை, எரரின் கடைசி வரி வரை முழுதாக எடுங்கள். அதோடு "பைதான் --வெர்ஷன்", "வேர் பைதான்", "டிஐஆர்" மூன்றுக்கும் வந்த பதிலையும் ஒட்டி அனுப்புங்கள். கடவுச்சொல் ஏதாவது அதற்குள் மாட்டியிருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.